ஜிம்னியை எஸ்டேட் வழிக்குத் தயார் பண்ணணும்: லிஃப்ட்டா, லாக்கரா, எது முதல்ல?

போடி ஜிம்னி:

எல்லாருக்கும் வணக்கம். மாருதியோட சின்ன ஃபோர் வீல் வண்டி, அஞ்சு கதவு ஜிம்னி, மேனுவல் கியர். எடுத்து 11 மாசம், 14,000 கி.மீ. ஓடியிருக்கு. இதுவரைக்கும் ஒரு போல்ட்டைக்கூட மாத்தல.

போடிக்கு மேல எங்க மாமாவுக்கு ஒரு ஏலத்தோட்டம் இருக்கு. தார் ரோடு முடியற இடத்துல இருந்து தோட்டத்து வீடு வரைக்கும் மூணு கி.மீ.க்குக் கொஞ்சம் கூட வரும். முழுக்க பட்டா நிலத்து வழிதான், நடுவுல காப்புக்காடு கிடையாது. இத்தனை வருஷமா பழைய ஜீப் ஒண்ணு போய் வந்துட்டு இருந்துச்சு. அது இந்த வருஷத்தோட உக்காந்துடுச்சு. இனிமே உர மூட்டை, ஏலக்காய்ச் சாக்கு, வேலை ஆளுங்க எல்லாம் ஜிம்னியிலதான் போகணும்.

மூணு இடத்துல மாட்டுறேன். முதல் இடம் ஒரு பாறைப்படி. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ உயரம். வழி வளைஞ்சு வர்றதால நேரா ஏற முடியாது, குறுக்காத்தான் ஏறணும். ஏறும்போது முன் வலது சக்கரமும் பின் இடது சக்கரமும் கனம் இல்லாம தொங்குது, வண்டி அங்கயே நின்னுடுது. ரெண்டாவது செம்மண் ஏத்தம், மழை பெஞ்சா சோப்பு மாதிரி ஆயிடும். மூணாவது வழிக்குக் குறுக்க ஆமை ஓடு மாதிரி ஒரு மேடு. முன் சக்கரம் தாண்டினதும் வயிறு உக்காருது.

3 இன்ச் லிஃப்ட் (ஸ்பிரிங்கை மாத்தி வண்டியை உசத்தறது), 31 இன்ச் மட் டயர், இரும்பு பம்பர், மாட்டின வண்டியை இழுத்து எடுக்க 12,000 பவுண்ட் வின்ச், மேல கேரியர். இவ்வளவையும் ஒரே வாரத்துல போட்டுக் குடுக்கறேன்னு ஒரு கடையில சொல்றாங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி இங்க கேட்டுடலாம்னு வந்தேன். எது முதல்ல?

கொங்கு ஜிப்ஸி:

வாங்க தம்பி. பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க, அதுவே பெரிய விசயம்.

கொஞ்சம் கேள்வி இருக்குதுங்க. ஏறும்போது டயர்ல காத்து எவ்வளவு? கம்பெனி டயரா, மாத்தினதா? லோ கியர் போட்டுத்தான் ஏறுனீங்களா? நின்ன இடத்துல எந்த எந்தச் சக்கரம் சுத்துச்சு? வீடியோ இருந்தா போடுங்க. சக்கரம் சுத்தறதைப் பாக்காம வைத்தியம் சொல்லக்கூடாது.

போடி ஜிம்னி:

அண்ணே, கம்பெனி டயர்தான், 195/80 ஆர்15. காத்து கதவோரம் ஒட்டியிருக்கற அளவுல ஒரு பொட்டுக்கூடக் குறைக்கல. 4-எல், அதாவது ஃபோர் வீல் லோ கியர் போட்டுத்தான் ஏறினேன். மச்சான் எடுத்த வீடியோ ஒண்ணு இருக்கு, ராத்திரி ஏத்திடறேன், இங்க நெட் இழுக்குது.

லேத் பட்டறை, திருச்சி:

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்கலாம். லிஃப்ட் வேற, கிரவுண்ட் கிளியரன்ஸ் வேற. ஜிம்னியில முன்னாடியும் பின்னாடியும் ஒரே கட்டை ஆக்சில். வண்டியிலேயே தாழ்வா இருக்கறது அந்த ஆக்சில் நடுவுல இருக்கற கிரவுன் ஹவுசிங். கம்பெனி சொல்ற 210 மி.மீ. அதோட கணக்குதான். காயில் ஸ்பிரிங்கை உயரமா போட்டா பாடிதான் மேல போகும், ஹவுசிங் இருந்த இடத்துலயே இருக்கும். அதைத் தூக்கறதுக்கு டயரைத் தவிர வேற வழி கிடையாது.

டயர் கணக்கு பாருங்க. 195/80 ஆர்15 விட்டம் 693 மி.மீ. 215/75 போட்டா 703, ஹவுசிங் 5 மி.மீ.தான் ஏறும். 235/75 போட்டா 733, அதாவது 20 மி.மீ. ஏறும். 31 இன்ச்னா 787, ஹவுசிங் 47 மி.மீ. ஏறும். கேக்க நல்லா இருக்கு. ஆனா டயர் விட்டம் கூடக்கூட கியர் இழுவை குறையும். உங்க வண்டியில முதல் கியர் 4.425, லோ 2.002, ஆக்சில் 4.090. மூணையும் பெருக்கினா 36 வரும். 31 இன்ச் மாட்டின அன்னிக்கே அது 32-க்குச் சமமா இறங்கிடும். பாறையில மெதுவா ஊந்து போக வேண்டிய இடத்துல கிளட்ச்சைப் பாதி மிதிச்சு வெச்சுட்டு ஏறுவீங்க, கருகற வாசனை வரும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டறப்ப நெஜத்துல 113 போயிட்டு இருப்பீங்க. பிரேக்குக்கும் அந்தக் கனத்தைப் பிடிக்கற பாடு.

இப்ப 3 இன்ச் லிஃப்ட். ஜிம்னி முன் ஆக்சிலைப் பிடிச்சு நிக்கறது ரெண்டு நீளக் கை, குறுக்க ஒரு பேன்ஹார்டு ராடு. பாடி உயரும்போது அந்தக் கை சாயுது, ஆக்சிலும் கூடவே திரும்புது, கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பற அச்சு பின்னால சாஞ்சிருக்கற கோணம்) குறையுது. கேஸ்டர் குறைஞ்சா ஸ்டியரிங் தானா நேருக்கு வராது, 80 கி.மீ. வேகத்துல வண்டி ரோட்டுல அலையும். பேன்ஹார்டு ராடு நீளம் மாறாததால ஆக்சில் ஒரு பக்கமா ஒதுங்கும். பிரேக் ஹோஸ் எட்டாது. பம்ப் ஸ்டாப் (ஆக்சில் ரொம்ப மேல வராம தடுக்கற ரப்பர் கட்டை) இறக்கலைன்னா சக்கரம் முழுசா மடங்கறப்ப டயர் ஃபெண்டர்ல உரசும். 40 மி.மீ. வரைக்கும் இதையெல்லாம் சமாளிச்சுடலாம். 50-ஐத் தாண்டினா கேஸ்டரைத் திரும்பச் சரி பண்ற கேஸ்டர் புஷ், நீளம் மாத்தற பேன்ஹார்டு ராடு, நீள ஹோஸ் மூணும் இல்லாம வண்டியை வெளிய விடக்கூடாது. கடைக்காரர் சொன்ன விலையில இந்த மூணும் இருக்கான்னு கேளுங்க. எங்கிட்ட சரி பண்ண வந்த லிஃப்ட் ஜிம்னியில பாதிக்கு மேல ஸ்பிரிங்கும் ஷாக்கும் மட்டும்தான் மாறியிருக்கும்.

கடைசியா கனம். நான் ரொம்ப வற்புறுத்திச் சொல்றது இதைத்தான். உங்க வண்டி வெறும் கனம் 1,200 கிலோ பக்கம், ஏத்தி ஓட்டலாம்னு கம்பெனி சொல்ற மொத்தக் கனம் 1,545. மிச்சம் 345 கிலோ. நாலு ஆள் ஏறினா 280 போச்சு. இரும்பு பம்பரும் வின்ச்சும் சேந்தா 70 கிலோவைத் தொடும். உர மூட்டையை எங்க வெப்பீங்க? சின்ன ஃபோர் வீல் வண்டிக்கு இருக்கற ஒரே சொத்து அதோட லேசுதான். பெரிய வண்டி புதையற சேத்துல இது மேலயே மிதந்து போகுதுன்னா காரணம் அதுதான். அந்தச் சொத்தைக் காசு குடுத்து அழிக்காதீங்க.

பாலாத்து மணல்:

பட்டறை அண்ணன் சொன்னதுல முக்கால்வாசி ஒத்துக்கறேன். ஆனா லிஃப்ட்டே வேணாம்ங்கற மாதிரி போறது சரியில்ல. போடிக்காரர் சொன்ன மூணாவது இடத்தைக் கவனிங்க. வயிறு உக்காருது. அங்க ஹவுசிங் தட்டல, சேஸிஸ் தட்டுது. அஞ்சு கதவு வண்டிக்கு வீல்பேஸ் 2,590 மி.மீ. வெளிநாட்டுல விக்கற மூணு கதவுக்கு 2,250. அதனாலதான் அதுல 28 பாகை இருந்த வயித்துக் கோணம் (வயிறு தட்டாம தாண்டக்கூடிய மேட்டோட கோணம்) நம்ம வண்டியில 24-க்கு இறங்கிடுச்சு.

பேப்பர்ல போட்டுப் பாத்தேன். 24 பாகைன்னா ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல வயிறு சுமார் 275 மி.மீ. உயரத்துல இருக்கு. 235 டயர் மட்டும் போட்டா 25.7 பாகை. 50 மி.மீ. லிஃப்ட் மட்டும் போட்டா 28. ரெண்டும் சேந்தா கிட்டத்தட்ட 30. அதாவது லிஃப்ட் போட்டாத்தான் மூணு கதவு வண்டியையே எட்டிப் பிடிக்கிறோம். நீள வண்டிக்காரனுக்கு 50 மி.மீ.ங்கறது ஆடம்பரம் இல்ல, இழந்ததைத் திருப்பி வாங்கறது. நான் போட்டு ரெண்டு வருஷமா ஓட்டறேன், கேஸ்டர் புஷ்ஷோட. ஹைவேயில ஒரு குறையும் இல்ல.

லேத் பட்டறை, திருச்சி:

கணக்கு சரி. கேஸ்டர் புஷ்ஷோட போட்டீங்க, அதனால தப்பிச்சீங்க. 50-க்கு நான் எதிரி இல்ல. 3 இன்ச்னா 75 மி.மீ. நான் வேணாம்னது அதுக்கு. வயிறு தட்டற இடத்துக்கு இன்னொரு மருந்தும் இருக்கு: அடியில ஸ்கிட் பிளேட். தட்டினா தட்டட்டும்னு வழுக்கிட்டுப் போக விடறது.

கொங்கு ஜிப்ஸி:

என் வண்டிக் கதையைச் சொல்லிடறனுங்க. லிஃப்ட்னா என்னன்னு நான் கை காலெல்லாம் பட்டுக் கத்துக்கிட்டது அதுல.

மாருதி ஜிப்ஸி 1985 கடைசியில வந்துச்சு. அப்ப 970 சிசி, 45 குதிரைத் திறன். என்னோடது கடைசி வகை, 1.3 லிட்டர், 16 வால்வு, 80 குதிரைத் திறன். டன்னுக்கும் கீழதான் கனம். அதுல காயில் கிடையாது, நாலு மூலையிலயும் கமான் பட்டை. கம்பெனியில பட்டை ஆக்சிலுக்கு அடியில போகும். அதை எடுத்து ஆக்சிலுக்கு மேல வெச்சு வெல்டு பண்ணினா, பட்டைக் கட்டோட தடிமனும் ஆக்சில் தடிமனும் சேந்து ஒரே நாள்ல அஞ்சு இன்ச் தூக்கிடும். செலவும் ஸ்பிரிங் வாங்கறதை விடக் குறைவு. அன்னிக்கு எல்லாரும் அதைத்தான் பண்ணாங்க, நானும் பண்ணேன். செஞ்ச பட்டறை பேர் வேண்டாம்.

வெளிய எடுத்த அன்னிக்கு ராஜா மாதிரி நின்னுச்சுங்க. முதல் வாரத்துலயே தெரிஞ்சு போச்சு. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட சேக்கற டிராக் லிங்க் கம்பி சரிஞ்சு நின்னதால பள்ளத்துல முன் சக்கரம் இறங்கறப்பெல்லாம் ஸ்டியரிங் தானா திரும்பும். என் சம்சாரம் பக்கத்துல உக்காந்து கம்பியைப் பிடிச்ச கையை விடவே இல்ல. லோ கியர்ல அழுத்தினா கமான் பட்டை எஸ் மாதிரி முறுக்கிக்கும், ஆக்சில் மூக்கைத் தூக்கும், கிராஸ் ஜாயிண்ட் அடி வாங்கும். மூணு மாசத்துல பின் ஷாஃப்ட்டுல ரெண்டு கிராஸ் போச்சு. ஜிப்ஸியில இழுவையை முன் பின் ஆக்சிலுக்குப் பிரிச்சு அனுப்பற டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோட ஒட்டாம தனியா மூணு கையில தொங்கும், அந்த ரப்பர் மவுண்ட்டும் கிழிஞ்சுது. ஆழியார் பக்கம் நண்பர் தோப்புல ஒரு ஓடை ஏறறப்ப, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வெச்சுட்டு ஆக்சிலேட்டர் குடுத்தேன். டொக்குன்னு ஒரு சத்தம். முன் பக்க ஜாயிண்ட்டோட குண்டு ஆறும் சிதறிடுச்சு. அது வண்டி தப்பில்லீங்க, பெரிய டயர் போட்டுட்டு முழு ஒடிப்புல மிதிச்சா எந்தச் சின்ன ஆக்சிலும் தாங்காது.

பெருசா பயந்தது அன்னிக்குச் சாயங்காலந்தான். வண்டியைக் கட்டி இழுத்து வெளிய கொண்டாந்தப்புறம் அடியில படுத்துப் பாத்தேன். பின் பிரேக் ஹோஸ் நீளம் பத்தாம இழுபட்டு வெடிப்பு விட்டிருந்துச்சு. அதே வாரம் அந்த வண்டியில என் மகனை ஸ்கூலுக்குக் கொண்டு போயிருந்தேன்.

அடுத்த மாசமே பட்டையைத் திரும்ப அடியில இறக்கிட்டேன். டயரும் ஒரு அளவு கீழ. பின் ஆக்சிலுக்கு, ரெண்டு சக்கரத்தையும் சேந்தே சுத்த வைக்கற லாக்கர் ஒண்ணு போட்டேன். உயரம் அஞ்சு இன்ச் போச்சு. அதே ஓடையில காத்தை 15 பிஎஸ்ஐ-க்கு இறக்கிட்டு, முதல் கியர் லோவுல, ஆக்சிலேட்டரே தொடாம ஏறுச்சு. அன்னில இருந்து அந்த வண்டியில உயரத்தைத் தொடறதே இல்லைங்க.

ஆர்.சி. புத்தகம்:

யாரும் சட்டம் பேசல, அதனால நான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு: ஆர்.சி.யில இருக்கற விவரம் கம்பெனி குடுத்த விவரத்தோட மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. கேரளாவுல இருந்து போன வழக்குல உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில இதை உறுதிப்படுத்திடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ சேந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். பம்பர் கார்டுக்கு எதிரா மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்கு எழுதிடுச்சு.

பட்டா நிலத்துக்குள்ள ஓடறது வேற. ஆனா அந்த வண்டி போடி பஜாருக்கும் வரணும், தேனி பைபாஸுக்கும் வரணும். விபத்துன்னு ஒண்ணு நடந்து, சர்வேயர் வந்து இரும்பு பம்பரையும் 31 இன்ச் டயரையும் பாத்தார்னா இன்ஷூரன்ஸ் பேச்சு வேற மாதிரி போகும். எதிர்ல அடிபட்ட ஆளோட நிலைமையையும் யோசிங்க. பம்பர் மடங்கறது நடந்து போறவனோட காலுக்காகவும்தான்.

காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம சக்கரத்தை வைக்காதீங்க. இதைப் போடி ஆளுக்குச் சொல்லல, படிக்கற எல்லாருக்கும் சொல்றேன்.

போடி ஜிம்னி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கொங்கு அண்ணே, பிரேக் ஹோஸ் விஷயத்தைப் படிச்சுட்டு என் வீட்டுலயும் படிக்கக் குடுத்தேன். 3 இன்ச்சை விட்டுட்டேன்.

ஒரு சந்தேகம். ஜிம்னியில பிரேக் எல்எஸ்டி இருக்குன்னு சொல்றாங்களே, லாக்கர் பண்ற வேலையை அது பண்ணணுமே? ஏன் படியில நின்னுடுச்சு? வீடியோ ஏத்திட்டேன், ஒண்ணரை நிமிஷம்.

பாலாத்து மணல்:

பிரேக் எல்எஸ்டி லாக்கர் இல்ல. ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்கற சாதா டிஃபரென்ஷியல்ல எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ அதுதான் சுத்தும், மத்தது நிக்கும். வீணாச் சுத்தற சக்கரத்தைக் கம்ப்யூட்டர் பிரேக் போட்டுப் பிடிக்கும், அந்த எதிர்ப்பால அடுத்த பக்கத்துக்கு இழுவை போகும். அது முழிச்சுக்கறதுக்குச் சக்கரம் கொஞ்சம் சுத்தணும். நிறைய பேர் சக்கரம் சுத்தினதும் காலை எடுத்துடறாங்க. எடுக்காம ஒரே சீரா லேசா மிதிச்சுப் பிடிச்சா டக் டக் டக்னு சத்தம் வரும், பிறகு ஏறும். லாக்கர் ரெண்டு சக்கரத்தையும் இறுக்கக் கட்டிடும், காத்திருக்கவே வேணாம். ஆனா இறுக்கிக் கட்டினா வளைவு திரும்பாது, ஈரச் சரிவுல பின்பக்கம் பக்கவாட்டுல வழுக்கும். போட்டிக்குப் போறவங்க டிஃபரென்ஷியல் பல்லையே வெல்டு வெச்சுடுவாங்க. ரோட்டுல ஓட்டற வண்டிக்கு அது கூடவே கூடாது.

சூரியநெல்லி:

வீடியோ பாத்தேன். நாலு தடவை பாத்தேன். 40-வது விநாடியில நிறுத்திப் பாருங்க.

முன் வலது சக்கரம் தொங்குது. சுத்தல. முன் இடது தரையில இருக்கு. அதுவும் சுத்தல. பின் இடது மட்டும் கிடந்து சுத்துது. ஃபோர் வீல் விழுந்திருந்தா தொங்கற முன் சக்கரம் சுத்தியே ஆகணும். உங்க வண்டிக்கு முன் சக்கரத்துல இழுவையே இல்ல. நீங்க லோ கியர்ல பின் சக்கரத்தை வெச்சு மட்டும் ஏறிட்டு இருக்கீங்க.

மீட்டர்ல 4×4 விளக்கு நிலையா எரிஞ்சுதா, மினுக்குச்சா?

போடி ஜிம்னி:

மினுக்கிட்டே இருந்துச்சு. லோ கியர் போட்டா அப்படித்தான் மினுக்கும்னு நினைச்சுட்டேன். எத்தனை நாளா அப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல.

லேத் பட்டறை, திருச்சி:

சூரியநெல்லிக்கு ஒரு கும்பிடு. நாங்க எல்லாரும் லிஃப்ட் பேசிட்டு இருந்தோம், வீடியோ வந்ததும் நான் திறந்துகூடப் பாக்கல.

ஜிம்னியில ஷாஃப்ட்டையும் சக்கரத்தையும் சேக்கற முன் சக்கர ஹப் தானா பூட்டிக்கும். இன்ஜின்ல இருந்து வர்ற வேக்குவம் ரப்பர் குழாய் வழியா நக்கிளுக்குள்ள (ஆக்சில் நுனியில சக்கரம் திரும்பற முட்டி) போய் ஹப்பை இழுத்துப் பூட்டும். அந்தக் குழாய் கழண்டாலும் கிழிஞ்சாலும் ஹப் பூட்டாது. கியர் விழும், ஷாஃப்ட் சுத்தும், சக்கரம் சுத்தாது. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஒரே ஒரு பக்கத்து ஹப் பூட்டலைன்னாலும் முன்னாடி ரெண்டு சக்கரமுமே செத்த மாதிரிதான். பூட்டாத பக்கத்து ஷாஃப்ட் உள்ளயே வீணாச் சுத்திட்டு இருக்கும். பிரேக் எல்எஸ்டியாலயும் அதைப் பிடிக்க முடியாது, ஏன்னா பிரேக் இருக்கறது ஹப்புக்கு அந்தப் பக்கம், சக்கரத்துல.

வீட்டுலயே பாத்துக்கலாம். சமதரையில நிறுத்துங்க. இன்ஜின் ஓடும்போதே 4-எச் (ஃபோர் வீல் ஹை கியர்) போடுங்க, ஒரு நிமிஷம் விட்டு அணைங்க. கியர்ல விடுங்க, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைங்க. முன்னாடி ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கிக் கையால சுத்துங்க. சுத்தாம இறுகி நின்னா ரெண்டு ஹப்பும் பூட்டியிருக்கு. லேசா சுத்தினா ரெண்டுல ஏதோ ஒண்ணு பூட்டல. எக்காரணம் கொண்டும் வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க, ஜாக்கி மட்டும் நம்பி.

போடி ஜிம்னி:

பாத்தாச்சு. சுத்துச்சு.

இடது நக்கிளுக்குப் போற குழாய் கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு. நுனி கிழிஞ்சிருக்கு, பக்கத்துல காஞ்ச கொப்பு ஒண்ணு மாட்டி இருந்துச்சு. புதுக் குழாய் போட்டு கிளிப் மாட்டிட்டேன். திரும்ப ஜாக்கில தூக்கினேன், இப்ப அசையல. விளக்கும் நிலையா எரியுது.

சூரியநெல்லி:

நல்லது. இனிமே மலை ஏறறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அந்த விளக்கைப் பாருங்க.

எங்க அப்பா கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டினவர். சூரியநெல்லியில இருந்து மேல போற வழியைப் பாத்தவங்களுக்குத் தெரியும், அது வழியே இல்ல, கல்லுக் குவியல். விடியறதுக்கு முன்னாடி, பனியில, ஆறு ஆளை ஏத்திக்கிட்டுப் போவார். கமான் பட்டை ஜீப், ஒல்லி டயர், லாக்கர் கிடையாது, லிஃப்ட் கிடையாது. அவர் சொல்லிக் குடுத்தது, சக்கரத்தைப் பள்ளத்துல விடாத, கல் மேல வை. கல் மேல சக்கரம் ஏறினா நடு வண்டியும் கூட ஏறும். கல்லைக் காலுக்கு நடுவுல விட்டா வயித்துல அடிக்கும். ஏறி முடிக்கற வரைக்கும் கிளட்ச்சைத் தொடாத. சந்தேகம் வந்தா இறங்கி நடந்து பார், வெக்கப்படாத. ஒல்லி டயர் சேத்தைக் கிழிச்சு அடியில இருக்கற கல்லைத் தேடிப் பிடிக்கும், அதனால எல்லா இடத்துக்கும் அகல டயர் நல்லதுன்னு இல்ல.

உங்க ஆமை மேட்டுக்கு நேரா போகாதீங்க. ஒரு பக்கச் சக்கரங்களை மேட்டோட முதுகுல ஏத்திச் சாய்வா தாண்ட முடியுமான்னு நடந்து பாருங்க. பக்கவாட்டுச் சரிவு இருந்தா மட்டும் வேணாம்.

போடி ஜிம்னி:

ஞாயித்துக்கிழமை போய் வந்தேன். மாமாவும் தோட்டத்து ஆள் ரெண்டு பேரும் கூட இருந்தாங்க. முதல் நாள் ராத்திரி மழை.

படிக்குக் கீழ நிறுத்திக் காத்தை 16 பிஎஸ்ஐ-க்கு இறக்கினேன். 4-எல், முதல் கியர். முன் வலது தொங்குச்சு, சுத்துச்சு, நான் காலை எடுக்கல. டக் டக்னு சத்தம் வந்துச்சு. மூணு எண்ணறதுக்குள்ள மேல நின்னுச்சு. மாமா ஒண்ணும் பேசல, திரும்ப இறங்கி இன்னொரு தடவை ஏறச் சொன்னார். ஏறுச்சு.

செம்மண் ஏத்தம் பாதி வரைக்கும்தான். கம்பெனி டயர் பட்டன் முழுக்க மண் அப்பிக்கிச்சு, வழவழன்னு ஆயிடுச்சு. பின்னாலயே இறக்கிட்டு வந்து, தோட்டத்து ஆளுங்க கல்லு பரப்பினதுக்கு அப்புறம் போனேன். ஆமை மேட்டுல சூரியநெல்லி சொன்ன மாதிரி நடந்து பாத்தேன். இடது பக்கம் சரிவு, கீழ ஓடை. அதனால சாய்வாப் போகல. நேரா போனேன், வயிறு உக்காந்துச்சு, ஆனா முன்னாடி இழுவை இருந்ததால தேய்ச்சுக்கிட்டே தாண்டிடுச்சு. அடியில பாத்தேன், டிரான்ஸ்ஃபர் கேஸ் குறுக்குச் சட்டத்துல நல்ல கீறல்.

இப்ப முடிவு பண்ணியிருக்கறது, 215/75 ஆர்15 ஏடி டயர் (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது), அடிக்கு ஸ்கிட் பிளேட், காத்து அடிக்க ஒரு சின்ன கம்ப்ரெஸர். மழைக்காலம் முழுக்க இதை வெச்சு ஓட்டிட்டு, வயிறு இன்னும் தட்டினா 40 மி.மீ. ஸ்பிரிங், கேஸ்டர் புஷ்ஷோட. வின்ச் வேணுமா?

கொங்கு ஜிப்ஸி:

உங்களுக்கு வேணாங்க. மொத்தக் கனம் 1,545-ல ஒண்ணரை மடங்குன்னு பாத்தாலே 5,100 பவுண்ட்தான் வருது. 12,000 எதுக்கு? அத்தனை கனத்தையும் முன் ஸ்பிரிங்தான் சுமக்கணும். தோட்டத்துல எப்பவும் நாலு ஆள் இருக்காங்க, டிராக்டர் இருக்குது. இழுத்தா நீளற கைனெடிக் கயிறு ஒண்ணு, கயிறை மாட்ட ரெண்டு சாஃப்ட் ஷேக்கிள் (கயிறால செஞ்ச வளையம்), ஒரு மண்வெட்டி போதும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. வண்டி முன்னாடி இருக்கற சின்னக் கொக்கி மெதுவாக் கட்டி இழுக்கத்தான். கயிறை வெச்சுக் குலுக்கி இழுக்கணும்னா சேஸிஸ்ல போல்ட் போட்ட ரெக்கவரி பாயிண்ட் வேணும். டிராக்டர் பின்னால இருக்கற டோ பால்ல (டிரெய்லர் மாட்டற குண்டு) கயிறை மாட்ட யாரையும் விடாதீங்க. அது ஒடிஞ்சு பறந்து வந்து ஆள் செத்திருக்காங்க. கயிறு இழுபடறப்ப ஆளுங்களைக் கயிறு நீளத்துக்கு ஒண்ணரை மடங்கு தள்ளி நிக்கச் சொல்லுங்க, உங்க மாமாவையும் சேத்து.

லேத் பட்டறை, திருச்சி:

டயர் மாத்தறப்ப அஞ்சாவதா இருக்கற ஸ்டெப்னியைப் பழசாவே விட்டுட்டு நாலு மட்டும் வாங்காதீங்க. ஃபோர் வீல்ல ஒரு சக்கரம் மட்டும் விட்டம் வேறயா இருந்தா டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வேதனை. அஞ்சா வாங்குங்க. ரெண்டு ஹவுசிங்லயும் காத்து போய் வர இருக்கற பிரீதர் குழாயை மேல ஏத்திக் கட்டிடுங்க, ஓடையில இறங்கினா கிரவுன் ஆயில்ல தண்ணி போகாம இருக்கும். அரை மணி வேலை.

போடி ஜிம்னி:

அஞ்சு டயர் சொல்லியாச்சு, அடுத்த வாரம் வருதாம். சூரியநெல்லி, உங்க அப்பா இப்பவும் அந்தப் பக்கம்தான் இருக்காரா? எங்க தோட்டம் மலைக்கு இந்தப் பக்கம். ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, அந்த ஆமை மேட்டை அவர் பாத்தா நல்லா இருக்கும்.

சூரியநெல்லி:

இருக்கார். கேட்டேன். வீடியோவைப் பாத்துட்டு, படிக்கு மேல வலது பக்கம் ஒரு பாறை நீட்டிட்டு இருக்கு, அதை மொதல்ல உடைக்கச் சொல்லுன்னார். மழை விட்டதும் வர்றோம்.